சவப்பெட்டி நிறைய உப்பு

— செத்தவன் எப்பிடிக் காணி வாங்கிறது, ஞானேஸ்வரி? முதல்ல அதுக்கொரு நியாயம் சொல்லுங்கோ.

— அவசரப்படாதீங்க மாஸ்டர். அவன் உண்மையா சாகல, செத்த மாதிரி நடிச்சான். அதத்தானே சொல்லிக்கிட்டு வர்றேன். தேத்தண்ணி ஆறுது, குடிங்க.

— நடிச்சவனோ செத்தவனோ, ஊர் முழுக்கச் சேந்து அவனைப் புதைச்சுப்போட்டு வந்திட்டுது. பிறகு அவன் எழும்பி வந்து, இந்தக் காணியை என்ரை பேருக்கு எழுதுங்கோ எண்டால் ஆர் எழுதிறது?

— அவன் பேருல இல்ல, அவன் தம்பி பேருல.

— தம்பி பேரில வாங்கிறதெண்டால் இவன் என்னத்துக்குச் சாக வேணும்? உயிரோட இருந்துகொண்டே தம்பியை விட்டு வாங்கலாமே.

— பாத்தீங்களா, போன சனிக்கிழமை வராம விட்டுட்டு இன்னைக்கு வந்து குறுக்க குறுக்கப் பேசுறீங்க. குண்டசாலையிலருந்து கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலருந்து கட்டுகஸ்தோட்டைக்கு ஒரு பஸ். வீட்டுல டீவி இல்லாத பாவத்துக்கு வாராவாரம் வெள்ளக்காரன் குதிரைப் படம் பாக்க ஓடி வர்ற மனுசன், அன்னைக்கு மட்டும் எங்க போனீங்க?

— காய்ச்சல் எண்டு சொன்னனானே.

— சொன்னீங்க. சரி. எப்பவும் நீங்க இங்கிலீசக் கேட்டுச் சொல்லுவீங்க, நான் கீழ ஓடுற சிங்கள எழுத்த வாசிச்சுச் சொல்லுவேன். ரெண்டையும் சேத்தாத்தான் நமக்குப் படம். அன்னைக்கு எனக்கு எழுத்து மட்டுந்தான். அதுலயும் பாதியப் படிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்துருது. அங்க இங்க விட்டுப்போயிருக்கும், அதுக்கு என்னையக் கோவிக்கக் கூடாது.

— கோவிக்கேல்லை. சிங்களம் படிச்சுச் சோதினை எழுதமாட்டன் எண்டு அரசாங்கக் கந்தோர் வேலையை விட்டு வெளிக்கிட்டவன் நான். அதுக்குப் பிறகு பிள்ளையளுக்கு இங்கிலீசு சொல்லிக் குடுத்துத்தான் சீவியம். எழுத்துத் தெரியாதது என்ரை பிழை. முதல்ல இருந்து சொல்லுங்கோ, வாய் திறக்கேல்லை.

— திறப்பீங்க. உங்களால முடியாது. கேளுங்க மாஸ்டர். ஒரு ஊரு. மழை தண்ணியே இல்லாத ஊரு, எங்க பாத்தாலும் செம்மண் புழுதி. அந்த ஊருல ஒரு பொம்பள. புருசன் செத்துப் பல வருசம் ஆச்சு, புள்ள குட்டி இல்ல. அவ நெலத்துல மட்டும் ஒரு ஊத்து இருக்கு, கோடையிலயும் வத்தாது. அந்தத் தண்ணிய வெச்சு நாலு மாடு வளத்துக்கிட்டு, ஒருத்தர் வம்புக்கும் போகாம இருக்கா.

— பேரென்ன அவவுக்கு?

— பேரு... பேரு வாயில நொழையல. அந்தப் பொம்பளைன்னு வெச்சுக்குங்க. கறுப்புத் தொப்பிக்காரன் ஒருத்தன் இருக்கான், அவந்தான் வில்லன். டவுனுல ஓட்டல் வெச்சிருக்கான். தண்ணிய வெலைக்குக் கேக்குறேன்னு சொல்லிக்கிட்டு வாராவாரம் அவ வீட்டுக்கு வருவான். அவளும் சாப்பாடு போடுவா. சாப்பிட்டுட்டு, மழை வருமா வராதான்னு பேசிட்டு, தண்ணியப் பத்தி ஒரு வார்த்த கேக்காமலே குதிரையேறிப் போயிருவான்.

— வில்லனோ?

— வில்லந்தான்.

— வில்லன் வந்து சோறு திண்டுபோட்டு, மழையைப் பற்றிக் கதைச்சுப்போட்டுப் போறானோ? துவக்கு ஒண்டும் காட்டேல்லையோ?

— துப்பாக்கி இடுப்புல கெடக்கு. எடுக்கல. இப்பிடியே போய்க்கிட்டு இருக்கிறப்ப ஒரு நாள் அவன் செத்துப் போனான்னு சேதி வருது. மாரடைப்பாம். அவன் ஆளுங்களே பொட்டியில வெச்சு ஆணியடிச்சுட்டாங்க.

— முகம் பாக்காமலோ? கொஞ்சம் பொறுங்கோ. எங்கட பக்கமெண்டாலும் சரி, உங்கட பக்கமெண்டாலும் சரி, வாய்க்கரிசி போடாமல் பிரேதம் வீட்டை விட்டு வெளிக்கிடுமோ? மூடின பெட்டிக்கு ஆர் வாய்க்கரிசி போடுறது? இந்தத் திட்டம் எங்கட ஊர் கொக்குவிலில சரிவராது. என்ரை அக்கா ஒருத்தியே போதும், பெட்டியைத் திறவடா எண்டு நிண்டிருப்பா.

— எங்க கெலிஓயாவுலயும் சரிவராது. ஆனா வெள்ளக்காரன் ஊருல அதெல்லாம் கேக்கல. பொட்டியத் தூக்குனவங்கள்ல ஒருத்தர் மட்டும் சொல்றாரு, மனுசன் உசுரோட இருக்கிறப்ப இவ்வளவு கனமில்லையேன்னு. அவ்வளவுதான். தூக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க போனாங்கன்னு நினைக்கிறீங்க? நேரா அந்தப் பொம்பள நெலத்துக்கு. ஊத்துக்கு மேல ஒரு மேடு இருக்கு, அங்கதான் என்னையப் பொதைக்கணும்னு சாகிறதுக்கு முந்தி அவன் சொன்னானாம். அவளும் சரின்னுட்டா. செத்தவங்க கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமா?

— பெட்டிக்குள்ள?

— உப்பு. மூட்ட மூட்டயா உப்பு. மழை பேஞ்சா உப்புக் கரைஞ்சு ஊத்துக்குள்ள எறங்கும். தண்ணி கரிக்கும், மாடு குடிக்காது. இந்த மண்ணுக்கு ஏதோ சாபம்னு அவ விட்டுட்டுப் போயிருவா, அப்ப தம்பி பேருல வாங்கிக்கலாம். இதுதான் திட்டம்.

— மழையே இல்லாத ஊர் எண்டு இப்பத்தானே சொன்னியள்.

— எப்பவாவது பேயும்.

— அப்ப எப்பவாவது பெய்யிற மழையை நம்பி, அவன் தன்னைத் தானே சாகடிச்சு, ஊரைக் கூட்டி, செத்த வீடு செய்து... ஞானேஸ்வரி, ஒரு வில்லனுக்கு எவ்வளவோ சுகமான வழி இருக்கு. ஒரு மூட்டை உப்பைக் கொண்டுபோய் ஆரும் பாக்காத நேரம் ஊத்துக்குள்ள கொட்டிப்போட்டு வரலாம். இது மூக்கைத் தலையைச் சுத்தித் தொடுற வேலை.

— சுத்தித் தொடுற ஆளுங்களும் ஒலகத்துல இருக்காங்க மாஸ்டர். கேளுங்க. பதினாறாம் நாளு கருமாதி வந்துச்சு.

— ஆருக்கு?

— செத்தவனுக்குத்தான்.

— வெள்ளைக்காரனுக்குப் பதினாறாம் நாள் கருமாதியோ? எங்கட யாழ்ப்பாணத்திலயே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிதான். அமெரிக்காவில உங்கட ஆக்களின்ர முறையோ நடக்குது?

— எனக்கென்னா தெரியும்? எழுத்துல அப்பிடித்தான் போட்டாங்க. அங்கயும் இந்தியாவுலருந்து போனவங்க இருப்பாங்களா இருக்கும்.

— இருப்பினம், இருப்பினம். சொல்லுங்கோ.

— சிரிக்காதீங்க. அவனுக்குச் செய்ய ஆளில்ல. தம்பிக்காரன் சமைக்கத் தெரியாதுன்னுட்டான். அந்தப் பொம்பளதான் எறங்கி ஊருக்கே சமைச்சா. சோறு, பருப்பு, கத்திரிக்கா, அப்பளம், பாயாசம்...

— பாயாசமும் வைச்சவவோ?

— வெச்சா. அவ கையில பாயாசம் நல்லா வரும். எல்லாரும் வரிசையா உக்காந்து சாப்புடுறாங்க. கடைசியில ஒரு ஆளு, தாடி வெச்சுக்கிட்டு, கண்ணாடி போட்டுக்கிட்டு, வெளியூர்க்காரன் மாதிரி உக்காந்திருக்கான். அவந்தான் மாஸ்டர். செத்தவன். தன்னோட கருமாதிக்குத் தானே சாப்பிட வந்துட்டான்.

— விசரனோ அவன்? ஒளிச்சிருக்க வேண்டியவன் பந்தியில வந்து குந்துவானோ?

— அதே கேள்விதான் எனக்கும் வந்துச்சு. அவ சோறு போட வர்றா. அவன் எலையில கை வைக்கிறதுக்கு முந்தி ஒரு மடக்குத் தண்ணி குடிக்கிறான். அதப் பாத்ததுமே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. வாராவாரம் அவ வீட்டுல அப்பிடிக் குடிச்சுட்டுத்தானே சாப்புடுவான்.

— நானும் அப்பிடித்தான் குடிக்கிறனான்.

— தெரியும்.

— ம். அவ என்ன செய்தவ?

— ஒண்ணும் சொல்லல. இன்னொரு கரண்டி சோறு போட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டா. சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் மம்பட்டிய எடுத்துக்கிட்டு மேட்டுக்குப் போயி, பொட்டியத் தோண்டித் தொறந்தா. உள்ள உப்பு மூட்ட. ஒவ்வொரு மூட்டையும் மெழுகு பூசுன துணியில சுத்தி, வாயத் தைச்சு, அதுக்கு மேலயும் தார் பூசியிருக்கான். ஒரு கல்லு உப்புக் கரைஞ்சு வெளிய வர வழியில்ல.

— அப்ப தண்ணி உப்பாகாது.

— ஆகாது.

— நூறு வருசம் மழை பெய்தாலும் ஆகாது. பிறகென்ன திட்டம் இது? தண்ணிக்காகச் செத்தவன், தண்ணிக்கு ஒரு கெடுதலும் வராமல் பாத்துப் பாத்துக் கட்டி வைச்சிருக்கிறான். எந்த ஊர் வில்லன் இப்பிடிச் செய்வான், ஞானேஸ்வரி?

— அவனுக்குத் தண்ணி வேணாம் மாஸ்டர். பொட்டி கனக்கணுமே, அதுக்குத்தான் உப்பு. ஆளுங்கள நம்ப வைக்கத்தான் அந்தத் தண்ணிக் கதை. அவன் செத்ததே வேற ஒண்ணப் பாக்க.

— என்னத்தை?

— அவ அழுவாளான்னு பாக்க.

— அழுதவவோ?

— ஊருக்கு முன்னாடி அழல. புருசன் இல்லாத பொம்பள, யாரோ ஒருத்தனுக்கு அழுதா ஊரு என்னா சொல்லும்? கருமாதிக்குச் சமைக்கிறப்ப அடுப்படியில நின்னு அழுதா. யாராவது எட்டிப் பாத்தா வெங்காயம்னு சொல்லிக்கலாம்னு பக்கத்துல உரிச்சு வெச்சுக்கிட்டா.

— அவனுக்கு அது தெரியுமோ?

— எப்பிடித் தெரியும்? அவன் வெளியில பந்தியில உக்காந்து, அவ கண்ணு காஞ்சிருக்கான்னு பாத்துக்கிட்டு இருந்தான். காஞ்சுதான் இருந்துச்சு. மூஞ்சியக் கழுவிட்டுத்தானே பரிமாற வந்தா.

— அப்பிடியெண்டால் அவன் வில்லன் இல்லையே.

— வில்லந்தான். மனசுல வெச்சுக்கிட்டு வாயத் தொறக்காதவன், ஒருத்திய வாசலயே பாக்க வெச்சவன், அவன் வில்லன் இல்லாம வேற யாரு? அவன் நேரா வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா இந்தப் பொட்டி, உப்பு, தாடி ஒண்ணும் தேவப்பட்டிருக்காதே.

— பயமா இருந்திருக்கும்.

— இடுப்புல துப்பாக்கி வெச்சிருக்கிறவனுக்கா?

— துவக்கு வேற, இது வேற. கேட்டு அவ மாட்டன் எண்டால், பிறகு வாராவாரம் வந்து சோறு தின்னவும் ஏலாது, மழையைப் பற்றிக் கதைக்கவும் ஏலாது. இருக்கிறதும் போயிடும். அதுக்குப் பயந்திருப்பான்.

— உங்களுக்குக் காய்ச்சலா இருந்துச்சு, மாஸ்டர்?

— இல்லை.

— நினைச்சேன். கொத்தமல்லி வாங்கி வெச்சிருந்தேன், வந்ததும் அவிச்சுத் தரலாம்னு. மூஞ்சியப் பாத்ததும் இது காய்ச்சல் மூஞ்சி இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. என்னா நடந்துச்சு?

— உங்கட அண்ணரைக் கண்டனான். மார்க்கட்டுக்குப் பக்கத்தில.

— சேதுராமன் அண்ணன் உங்ககிட்டயும் பேசிட்டாரா?

— மரியாதையாத்தான் கதைச்சவர், பிழை சொல்லக் கூடாது. டீயும் வாங்கித் தந்தவர். கெலிஓயாக் கடையை வித்துப்போட்டன், குடும்பத்தோட திருச்சிக்குப் போறன், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போகப் போறன் எண்டார். பிறகு, மாஸ்டர், நீங்க படிச்ச மனுசன், சனிக்கிழமையில நீங்க அங்க போறதை நாலு பேர் கதைக்கினம், போற நேரத்தில அவளுக்கு ஒரு கெட்ட பேர் வேணாம் எண்டு கேட்டார்.

— அதுக்கு நீங்க?

— டீக்கு நன்றி சொல்லிப்போட்டு வந்திட்டன்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். போன சனிக்கிழமை கண்டி பஸ் ஸ்ராண்ட் வரைக்கும் வந்தனான், ஞானேஸ்வரி. கட்டுகஸ்தோட்டை பஸ் நிண்டது. ஏறேல்லை. திரும்பிப் போயிட்டன். அவர் சொன்னது நியாயம் எண்டு என்ரை மனசுக்குச் சொல்லிச் சொல்லிப் பாத்தன்.

— அண்ணன் நல்லவருதான். ஆனா என்னைய ஏன் கூட்டிட்டுப் போறாருன்னு எனக்குத் தெரியும். அண்ணிக்கு இடுப்பு வலி, குனிஞ்சு நிமுர முடியல. அங்க அடுப்படி பாக்க ஆளு வேணும். என்னைய யாரும் அடிக்கப் போறதில்ல, திட்டப் போறதில்ல. சோறு போடுவாங்க, தீவாளிக்குச் சேல எடுப்பாங்க. நான் பொறந்தது கண்டி, வாழ்ந்தது கண்டி. திருச்சி எந்தத் திசைன்னு கூட எனக்குத் தெரியாது. அதையும் பொறுத்துக்குவேன். ஆனா அங்க ஒரு மனுசன் என் கதைய இப்பிடிக் குறுக்கக் குறுக்கக் கேள்வி கேட்டுக் கேக்க மாட்டான்.

— நீங்க அவருக்கு என்ன சொன்னியள்?

— யோசிச்சுச் சொல்றேன்னேன். நாளைக்குக் காலையில வருவாரு, முடிவு கேக்க.

— நாளைக்கோ?

— நாளைக்குத்தான்.

— படத்தில அவவுக்கு என்ன நடந்தது? கடைசியில?

— கடைசியிலயா? பொட்டிய மூடி, மண்ணத் தள்ளிட்டு வீட்டுக்கு வந்தா. அவ அண்ணன் ஊருலருந்து குதிரவண்டி அனுப்பியிருக்காரு, கெளம்பி வந்துருன்னு. துணியெல்லாம் மடிச்சு வெச்சுட்டா. வண்டி காலையில. அவன், அந்தத் தாடிக்காரன், வேலிக்கு வெளிய நிக்கிறான். இவ வாசல்ல நிக்கிறா. அதோட படம் முடிஞ்சிருச்சு.

— அவன் கேட்டவனோ?

— காட்டல.

— தாடியையாவது கழட்டினவனோ?

— அதையும் காட்டல மாஸ்டர். நீங்களா இருந்தா என்னா செய்வீங்க? இவ்வளவு நேரம் அவன் திட்டத்துல ஓட்ட ஓட்டயாக் கண்டுபிடிச்சீங்களே.

— எனக்கு வயசு அம்பத்தெட்டு. ஒரு கலியாணமும் சரிவராமல், பிறகு வேணாம் எண்டு விட்டவன். நான் கலியாணம் முடிக்கப் போறன் எண்டு கேள்விப்பட்டால் அக்கா கொக்குவிலில இருந்து அழுதுகொண்டு வருவா. மலைநாட்டுப் பொம்பிளையோ எண்டு கேப்பா. கேக்காமல் விடமாட்டா.

— எங்க ஆளுங்களும் சும்மா இருக்க மாட்டாங்க. தாலியறுத்தவளுக்கு இந்த வயசுல யாழ்ப்பாணத்து மாப்பிள்ளையான்னு கேப்பாங்க. அண்ணன் கோவிப்பாரு. அவருக்குக் கோவம் ஒரு மாசம் நிக்கும், அப்புறம் வந்துருவாரு. நான் கேட்டது அதில்ல.

— ஓம். நீங்க கேட்டது அதில்லை. நாளைக்குக் காலமை உங்கட அண்ணர் வரேக்க நானும் இஞ்ச நிக்கட்டோ?

— என்னான்னு சொல்லி நிப்பீங்க? வீட்டுல டீவி இல்ல, இங்க பாக்க வந்தேன்னா? காலையில டீவிக்காரன் ஒண்ணும் போடமாட்டானே.

— உங்களைக் கலியாணம் முடிக்கக் கேட்டு வந்திருக்கிறன் எண்டு சொல்லித்தான். உங்களிட்ட முதல்ல கேக்கிறன், பிறகு அவரிட்ட. எனக்கு நீங்க வேணும், ஞானேஸ்வரி. நீங்க திருச்சிக்குப் போனால் கண்டியில எனக்கு ஒரு சனிக்கிழமையும் இல்லை. உங்களுக்கு விருப்பமில்லை எண்டால் இப்பவே சொல்லுங்கோ, இந்தத் தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு எழும்பிறன்.

— தேத்தண்ணி எப்பவோ ஆறிப்போச்சு.

— அது மறுமொழி இல்லை.

— நில்லுங்க மாஸ்டர். நாளைக்கு வந்து நில்லுங்க. வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு வாங்க, அண்ணனுக்கு அது புடிக்கும். அவரு என்னா சொன்னாலும் எந்திரிச்சுப் போயிராதீங்க. அன்னைக்கு மாதிரி டீக்கு நன்றி சொல்லிட்டு வந்துராதீங்க.

— வரமாட்டன். நீங்க அழுறியளோ?

— வெங்காயம்னு சொல்லலாம்னு பாத்தா பக்கத்துல ஒண்ணையும் காணோம். இருங்க, தொடச்சுக்கிறேன். மாஸ்டர், ஒண்ணு சொல்லணும். இத மனசுல வெச்சுக்கிட்டு நாளைக்கு உங்க பக்கத்துல நிக்க எனக்கு முடியாது. சொன்னா கோவிப்பீங்களா?

— இல்லை. சொல்லுங்கோ.

— போன சனிக்கிழமை இங்க கரண்டு இல்ல. மத்தியானம் போனது, மறுநாள்தான் வந்துச்சு. கட்டுகஸ்தோட்டை முழுக்க இருட்டு. நீங்க வருவீங்கன்னு வாசல்லயே உக்காந்திருந்தேன். நான் அந்தப் படத்தப் பாக்கவே இல்ல. பொட்டி, உப்பு, கருமாதி, தாடி எல்லாம் நானாக் கட்டுனது. வாராவாரம் மழையப் பத்திப் பேசிட்டுப் போற மனுசன்கிட்ட வேற எப்பிடிக் கேக்கிறதுன்னு எனக்குத் தெரியல.

— எனக்குத் தெரியும், ஞானேஸ்வரி. குண்டசாலையில கரண்ட் இருந்தது. என்ரை வீட்டு டீவியில அந்தப் படத்தை நான் முதல்ல இருந்து கடைசி மட்டும் பாத்தனான். அதில பொம்பிளை ஒருத்தியும் இல்லை.